தலைமுறையுரிமையும் தந்தைவழியும்: இலிங்க நிறமூர்த்தங்களின் வரலாற்றொளியில் மலையகக் குடியுரிமை பற்றிய ஒரு நோக்கு

மஸ்கெலியாவிலிருந்து செல்லும் பாதை மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் ஓரமாக வளைந்து, தேயிலை மலைகளுக்கூடாக நல்லதண்ணியை அடைகிறது. மார்கழிப் பூரணை தொடக்கம் வைகாசிப் பூரணை வரை சிவனொளிபாத மலைக்கு ஏறும் அடியார் பலர் இங்கிருந்தே புறப்படுவர். 2,243 மீற்றர் உயரமுள்ள அச்சிகரத்திற் காணப்படும் பாதச்சுவட்டைப் பௌத்தர் புத்தபிரானுடையதென்பர், இந்துக்கள் சிவனுடையதென்பர், முஸ்லிம்கள் பாவா ஆதமுடையதென்பர். ஐரோப்பியர் அம்மலைக்கு வழங்கிய பெயரும் முதல் மனிதனாகிய ஆதாமின் பெயரையே தாங்கி நிற்கிறது. மானிடரனைவருக்கும் பொதுவான ஒரு தந்தை இருந்தான் எனும் நம்பிக்கை அவ்வுச்சியில் நிலைகொண்டுள்ளது.

அம்மலையின் அடிவாரத் தோட்டங்களில் வாழ்ந்த மக்களை நோக்கி 1948ஆம் ஆண்டில் அரசு எழுப்பிய வினாவும் தந்தையைப் பற்றியதே. உன் தகப்பன் எங்கே பிறந்தான்? தகப்பனின் தகப்பன் எங்கே பிறந்தான்? அவனுடைய தகப்பன் எங்கே பிறந்தான்? தாயைப் பற்றியோ, தாயின் தாயைப் பற்றியோ சட்டம் வினவவில்லை.

எமது நாட்டின் தமிழ் விஞ்ஞானப் பாடநூல்கள், பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளைச் சென்றடையும் முறையினைத் 'தலைமுறையுரிமை' என்ற சொல்லாற் குறிக்கின்றன. உயிரியல் நிகழ்வொன்றைக் குறிக்க வந்த இச்சொல்லினுள் 'உரிமை' என்னும் சட்டக் கருத்து அமைந்திருத்தல் மனங்கொள்ளத்தக்கது. உடலின் வழியாக வருவது யாது, சட்டத்தின் வழியாக வருவது யாது, இவ்விரண்டும் ஒன்றெனக் கருதப்படுவதால் நன்மையடைவோர் யாவர் என்னும் வினாக்களை நாம் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

1. வித்தும் நிலமும்

தந்தையே பரம்பரையின் மூலம், தாய் அதனை ஏந்தும் கலமே என்னும் கருத்து மிகப் பழையது. ஆணிடமிருந்து வடிவமும் பெண்ணிடமிருந்து அவ்வடிவத்தை ஏற்கும் சடப்பொருளும் வருகின்றன என்று அரிஸ்டோட்டில் கருதினார். வித்தையும் நிலத்தையும் உவமையாக்கி, வித்துக்கே முதன்மை வழங்கும் வாதம் மனுநூலிலும் உண்டு. கிரேக்கத்தும் இந்தியாவிலும் தனித்தனியே எழுந்த இக்கருத்துகள் ஒத்திருப்பது தற்செயலன்று. நிலமும் கால்நடையும் ஆண்களின் உடைமையாகித் தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் சென்ற சமுதாயங்களில், உடைமையின் வழி எதுவோ அதுவே உயிரின் வழியுமென எண்ணப்பட்டது. சொத்துறவு இயற்கையின் மீது ஏற்றி வாசிக்கப்பட்டதென நாம் கொள்ளலாம்.

இவ்வாசிப்பினை ஆய்வுகூடத்திற் குலைத்தவர்களுள் ஒருவர் பெண்ணாயிருந்தமை குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் பிறின் மார் கல்லூரியிற் பணியாற்றிய நெட்டி ஸ்டீவன்ஸ் (1861–1912), மாப்புழு வண்டின் கலங்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். பெண் வண்டின் கலங்களில் இருபது பெரிய நிறமூர்த்தங்கள் இருந்தன. ஆண் வண்டின் கலங்களிற் பத்தொன்பது பெரியனவும் ஒன்று சிறியதுமாக இருந்தன. பால் வேறுபாடு இச்சிறு நிறமூர்த்தத்தோடு தொடர்புடையதென 1905ஆம் ஆண்டில் அவர் காட்டினார். எட்மண்ட் வில்சனும் அதே ஆண்டில் ஒத்த முடிவுக்கு வந்தார். பின்னர் இவை எக்ஸ், வை எனப் பெயர் பெற்றன.

மனிதரிற் பெண்ணுக்கு எக்ஸ் நிறமூர்த்தங்கள் இரண்டு; ஆணுக்கு எக்ஸ் ஒன்று, வை ஒன்று. தாயின் சூல் எப்போதும் எக்ஸையே கொண்டு வருகிறது. தந்தையின் விந்துகளிற் பாதி எக்ஸையும் பாதி வையையும் கொண்டு வருகின்றன. ஆண்மைக்குரிய விருத்தியைத் தொடக்கி வைக்கும் எஸ்.ஆர்.வை. என்னும் பரம்பரையலகு வை நிறமூர்த்தத்தில் இருப்பதை 1990இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். ஆகவே பெண் மகவையே பெறுகிறாள் என்று மருமகளைத் தூற்றும் வழக்கத்துக்கு உயிரியலில் இடமேயில்லை. எனினும் பழியை மனைவியிடமிருந்து கணவனுக்கு மாற்றுவதும் அறியாமையேயாகும். எவ்விந்து சூலை அடையும் என்பதை அவனும் தீர்மானிப்பதில்லை. பழி எனும் எண்ணமே பெண் மகவை இழப்பாகக் கணிக்கும் சமுதாய அமைப்பிலிருந்து பிறக்கிறது.

2. அரியணை சென்ற வழியும் நோய் சென்ற வழியும்

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஹண்ட் மோர்கன் 1910இற் செங்கண் உடைய பழ ஈக்களிடையே வெண்கண் உடைய ஆண் ஈ ஒன்றைக் கண்டார். அதனைச் செங்கண் பெண் ஈக்களோடு கலந்தபோது முதற் சந்ததியில் வெண்கண் மறைந்தது. அடுத்த சந்ததியில் அது மீண்டும் தோன்றியது. ஆயின் ஆண் ஈக்களில் மட்டுமே தோன்றியது. கண்ணிறத்தைத் தீர்மானிக்கும் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளதெனக் கொண்டாலன்றி இதனை விளக்கவியலாது. குறித்த ஓர் இயல்பு குறித்த ஒரு நிறமூர்த்தத்தோடு இணைக்கப்பட்டமை இவ்வாறே. நிறமூர்த்தங்கள் பற்றிய ஆய்வுகளுக்காக 1933இல் மோர்கன் நோபல் பரிசு பெற்றார்.

எக்ஸ் நிறமூர்த்தம் செல்லும் வழியைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தந்தை தன் எக்ஸை மகளர் அனைவருக்கும் அளிக்கிறான், மைந்தருக்கு அளிப்பதேயில்லை. மைந்தனின் ஒரே எக்ஸ் தாயிடமிருந்து வந்ததாகும். ஆகவே எக்ஸிலுள்ள ஒரு குறைபாடு பாட்டனிடமிருந்து அவனுடைய மகன் வழிப் பேரனை அடையாது. மகளிடம் வெளித்தெரியாது தங்கி, மகள் வழிப் பேரனிடம் வெளிப்படலாம். மகளிடம் மற்றோர் எக்ஸ் இருத்தலால் அவள் பெரும்பாலும் நோயுறாத காவியாக நிற்கிறாள்.

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு விக்ரோறியா மகாராணியின் குடும்பம். 1837இல் அவர் பிரித்தானிய அரியணை ஏறியபோது, அதுவரை அதே மன்னரின் கீழிருந்த ஹனோவர் இராச்சியம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆண்வழிக்கு முதன்மை தரும் அந்நாட்டுச் சட்டப்படி அது அவருடைய சிறிய தந்தையாரைச் சேர்ந்தது. ஆயின் குருதி உறையாமை நோய்க்குரிய பரம்பரையலகு அத்தகைய சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. மகாராணியின் மைந்தருள் ஒருவரான லியோபோல்ட் இந்நோயுற்றவராய் 1884இல் மாண்டார். மகளரான அலிசும் பியற்றிசும் காவிகளாயினர். அலிசின் மகள் வழியாக அது ரஷ்யப் பேரரசின் இளவரசர் அலெக்சியை அடைந்தது.

தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் திரட்டப்பட்ட மக்கள் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மலையேறியது இம்மகாராணியின் ஆட்சிக்காலத்திலேயே. முடியும் நிலமும் ஒருவழிச் செல்லக் குருதி பிறிதொருவழிச் சென்றதை அவருடைய மாளிகையே உலகுக்குக் காட்டியது. எனினும் குடியேற்ற நாடுகளின் சட்டம் ஆக்கியோர் தந்தைவழியையே இயற்கை வழியெனத் தொடர்ந்து கொண்டனர்.

3. இரு மோர்கன்களும் தமிழ் உறவுமுறையும்

ஈண்டு வேறொரு மோர்கனையும் நினைவுகூர்தல் தகும். லூயிஸ் ஹென்றி மோர்கன் (1818–1881) 1871இல் வெளியிட்ட உறவுமுறை பற்றிய பெருநூலில் தமிழ் உறவுப்பெயர்களை விரிவாக ஆராய்ந்தார். வட அமெரிக்க இரோகுவா மக்களின் உறவுப்பெயர்களும் தமிழரின் உறவுப்பெயர்களும் ஒரே ஒழுங்கில் அமைந்திருத்தல் அவரை வியப்பிலாழ்த்தியது. 1884இற் குடும்பத்தின் தோற்றம் பற்றி நூலெழுதிய ஏங்கெல்ஸ் இவ்வொப்புமையை எடுத்தாண்டு, தந்தைவழிக் குடும்பம் மனித குலத்தோடு தோன்றியதன்று, தனியுடைமையோடு வளர்ந்தது என வாதிட்டார். மோர்கனின் படிமுறை வளர்ச்சிக் கோட்பாட்டிற் பல பகுதிகளைப் பின்வந்த மானிடவியலாளர் மறுத்துள்ளனர். ஆயினும் குடும்ப அமைப்புக்கு ஒரு வரலாறு உண்டு என்னும் அடிப்படை உண்மை நிலைபெற்றுவிட்டது.

இவ்விரு மோர்கன்களின் ஆய்வுகளையும் இணைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். தமிழ் வழக்கில் மாமன் மகளும் முறைப்பெண். அத்தை மகளும் முறைப்பெண். மொழி இருவரையும் ஒரே நிலையில் வைக்கிறது. ஏனைய நிறமூர்த்தங்களைப் பொறுத்தவரை உயிரியலும் அவ்வாறே. இருவகை மணங்களிலும், ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஒரே பரம்பரையலகின் இரு பிரதிகள் பிள்ளையிற் சேரும் வாய்ப்புப் பதினாறில் ஒன்று. எக்ஸ் நிறமூர்த்தத்திலோ நிலைமை வேறு. மாமன் மகளை மணந்தவனுக்குப் பிறக்கும் பெண்ணுக்கு அவ்வாய்ப்பு எட்டில் ஒன்றாகிறது. அத்தை மகளை மணந்தவனுக்குப் பிறக்கும் பெண்ணுக்கு, வேறு உறவுத்தொடர்பு இல்லாதவிடத்து, அது பூச்சியம். அவனுடைய எக்ஸ் அவன் தாயிடமிருந்து வந்தது. அத்தையோ தந்தையின் உடன்பிறந்தவள் என்பதே காரணம். ஆண்பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றேயாதலால் இக்கணக்கு அவனுக்குப் பொருந்தாது.

மொழி ஒன்றெனக் கண்டதை எக்ஸ் நிறமூர்த்தம் வேறெனக் காண்கிறது. எனவே உறவுமுறை குருதியின் படி அன்று. மணம், சொத்து, உழைப்பு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சமுதாய இலக்கணமாகும். அதற்கு அதற்குரிய பெறுமானம் உண்டு. ஆயினும் அதனைக் குருதியின் கட்டளையெனக் காட்டும்போது அது கருத்துநிலையாகிவிடுகிறது.

இத்துறையில் ஜே. பி. எஸ். ஹோல்டேனின் பெயர் தனிக்கவனத்துக்குரியது. மார்க்சியவாதியும் பரம்பரையியலறிஞருமான அவர், 1937இல் ஜூலியா பெல்லுடன் சேர்ந்து, குருதி உறையாமை நோய்க்கும் நிறக்குருட்டுக்குமுரிய பரம்பரையலகுகள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளன எனக் காட்டினார். 1950களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்த அவர், 1961இல் இந்தியக் குடிமகனாகி, 1964இற் புவனேசுவரத்திற் காலமானார். அவருடைய மாணவர் துரோணம்ராஜு ஆந்திரத்தில் உறவுமுறை மணங்களை ஆராய்ந்தார். காதுமடலில் மயிர் வளரும் இயல்பு வை நிறமூர்த்தத்தின் வழியாகத் தந்தையிடமிருந்து மைந்தனுக்கே செல்கிறது என்னும் கருத்துக்கும் அவருடைய ஆய்வு ஆதரவளித்தது. பாடநூல்களில் நெடுங்காலம் இடம்பெற்ற இக்கருத்தை, தென்னிந்திய ஆண்களின் வை நிறமூர்த்தங்களை ஆராய்ந்து 2004இல் வெளிவந்த ஆய்வு ஏற்கவில்லை. தூய தந்தைவழி இயல்புக்கு எடுத்துக்காட்டெனக் கருதப்பட்டதுங்கூட இவ்வாறு ஐயத்துக்குள்ளாயிற்று.

4. பதினால்வரில் மூவர்

1931இற் கிடைத்த சர்வசன வாக்குரிமையின் கீழ்த் தோட்டத் தொழிலாளருள் ஒரு பகுதியினர் வாக்காளராயினர். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இந்தியத் தமிழரெனக் கணித்தோர் தொகை ஏறத்தாழ 7,80,000. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் பிரதிநிதிகள் பாராளுமன்றஞ் சென்றனர். மறுவருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

அச்சட்டத்தின்படி, அது நடைமுறைக்கு வருமுன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிக் குடிமகனாவதற்கு, அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். அதன் பின்னர்ப் பிறப்போருக்குத் தந்தை குடிமகனாயிருத்தல் வேண்டும். சட்டபூர்வ மணத்துக்குப் புறம்பே பிறந்தோர் விடயத்தில் மட்டும் தந்தை என்ற சொல் தாய் எனக் கொள்ளப்படும். சட்டம் ஏற்கும் தந்தை இல்லாதபோதே தாய் கண்ணிற்பட்டாள் என்பதை இவ்விதிவிலக்கு தெளிவாக்குகிறது.

எண்களைக் கொண்டு இதனை நோக்குவோம். ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். அவர்தம் பெற்றோர் எண்மர். மூன்று தலைமுறையின் முன்னோர் பதினால்வர். அவர்களுள் மூவரை மட்டுமே சட்டம் நோக்கியது. அம்மூவரும் வை நிறமூர்த்தம் செல்லும் ஒற்றைக் கோட்டில் நிற்போர். பெண் விண்ணப்பதாரிக்கோ அக்கோடும் பொருந்தாது. அவளிடம் வை நிறமூர்த்தமே இல்லை.

நல்லதண்ணிப் பகுதியில் 1940இற் பிறந்த ஓர் ஆண்பிள்ளையை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்வோம். அவன் தாயும் தாயின் தாயும் அங்குள்ள லயக் காம்பராக்களிற் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்தவர்கள். தந்தை திருச்சிப் பக்கத்துக் கிராமமொன்றிற் பிறந்து, சிறு வயதிற் கங்காணியின் கீழ் வந்தவன். அவன் முன்னோரும் அங்கு பிறந்தவரே. சட்டத்தின்படி இப்பிள்ளை வம்சாவழிக் குடிமகன் அல்லன். அவனது எக்ஸ் நிறமூர்த்தம் முழுவதும் தாய் தந்தது. அதிற் புரதங்களை உருவாக்கும் பரம்பரையலகுகள் எண்ணூறுக்கு மேல் உள்ளன. தந்தை தந்த வை நிறமூர்த்தத்தில், 2023இல் வெளியான முழுமையான வாசிப்பின்படி, அத்தகையவை நூற்றுக்குச் சற்று மேற்பட்டவையே. கலங்களுக்குச் சக்தி வழங்கும் இழைமணிகளும் தாயிடமிருந்தே வந்தவை. உயிரியல் ஏற்கும் தாயைச் சட்டம் ஏற்கவில்லை.

தந்தை இங்கு பிறந்தவனாயினும் துன்பம் தீரவில்லை. லயத்தில் நிகழ்ந்த பிறப்புக்கு எழுத்துச் சான்று காட்டல் பலருக்கு இயலாதிருந்தது. துரையின் கணக்கேட்டில் உழைப்பாளியாகப் பதிவு பெற்ற ஒருவர் அரசின் ஏட்டில் மைந்தனாக நிறுவப்பட வேண்டியிருந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒக்ரோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னைய முடிவுக்கு விட்டது. 1974இல் அவர்களும் இரு நாடுகளுக்கிடையே சமமாகப் பகிரப்பட்டனர். 1947இல் தலவாக்கலையின் உறுப்பினராகத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை எழுதிய நூல்களுள் இரண்டின் பெயர்கள் 'வீடற்றவன்', 'நாடற்றவர் கதை' என்பன. மலையக இலக்கியத்தில் இன்மையைச் சுட்டும் இச்சொல்லாட்சி வெறும் சோகச்சுவை அன்று. சட்டம் ஆக்கிய ஒரு சமுதாய நிலையின் பெயராகும்.

இந்திய வம்சாவழியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இப்பிரச்சினையைப் பெருமளவு தீர்த்தது. அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டமும் திருத்தப்பட்டுத் தாய் வழியாகவும் குடியுரிமை பெறலாமென்றாயிற்று. தாயையும் பெற்றோருள் ஒருவராக ஏற்க அச்சட்டம் ஐம்பத்தைந்து ஆண்டுகள் எடுத்தது.

5. 1948இன் இன்னொரு பாடம்

தாயின் பங்கை உயிரியல் நிறுவியதால் தாய்க்கு உரிமை வழங்க வேண்டுமென நாம் வாதிடவில்லை. அவ்வாறு வாதிடின் உரிமையைக் குருதியோடு பிணைக்கும் பழைய தவறையே வேறு வடிவிற் செய்தவராவோம். நாளை வேறோர் ஆய்வு வேறொன்றைக் காட்டின் உரிமை மாறவேண்டுமா?

விஞ்ஞானத்தையும் அரசியலையும் இவ்வாறு பிணைத்தலின் தீமையை மார்க்சியவாதிகளாகிய நாம் எமது வரலாற்றிலிருந்தே அறிவோம். இலங்கையிற் குடியுரிமைச் சட்டம் பிறந்த அதே 1948இல், ஆகஸ்ட் மாதம், மொஸ்கோவிற் கூடிய வேளாண் விஞ்ஞானக் கழக அமர்வு லைசென்கோவின் கொள்கையை ஏற்று, மெண்டல்–மோர்கன் பரம்பரையியலை முதலாளித்துவப் பொய்யெனத் தள்ளியது. பழ ஈக்களை ஆராய்ந்தோர் பலர் பதவியிழந்தனர். பயிர்களின் தோற்றத்தை ஆராய்ந்த வவிலோவ் அதற்கு முன்னரே, 1943இற் சிறையில் மாண்டிருந்தார். சூழலை மாற்றினால் மனிதனை மாற்றலாம் என்ற நல்லெண்ணங்கூட உண்மையை மறுக்கும் உரிமையைத் தராது. ஹோல்டேன் போன்றோர் கட்சியிலிருந்து விலகியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரிடத்தில் அரசியல் இயற்கைக்கு விதி வகுக்க முயன்றது. மற்றோரிடத்தில் அரசியல் தன் விதியை இயற்கையெனக் காட்டியது. இரண்டிலும் துன்புற்றோர் மனிதரே. பரம்பரையியல் எமக்குச் செய்யக்கூடிய உதவி, இயற்கையெனக் காட்டப்படும் சமுதாய விதியை விதியெனவே இனங்காட்டுவதாகும். உரிமையின் அடிப்படையை வேறிடத்தில் தேடவேண்டும்.

அதற்குரிய சொல் எமது மரபிலேயே உண்டு. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை ஒல்லாந்தர் 1707இற் தொகுத்தனர். அச்சட்டம் மலையக மக்களை ஆண்டதன்று. எனினும் அதன் சொல்லாட்சி சிந்திக்கத்தக்கது. முன்னோரிடமிருந்து வருவது முதுசொம். பெண் மணத்தின்போது கொண்டுவருவது சீதனம். மணவாழ்விற் கணவனும் மனைவியும் சேர்ந்து தேடிக்கொள்வது தேடியதேட்டம். முதுசொம் பிறப்பால் வருவது. தேடியதேட்டம் உழைப்பால் வருவது.

1948இன் சட்டம் நாட்டினை முதுசொமாக மட்டுமே கண்டது. நல்லதண்ணியின் மலைகளிற் காடழித்து, தேயிலை நட்டு, பாதை வெட்டிய மக்களுக்கோ இந்நாடு தேடியதேட்டம். அத்தேட்டத்திற் பெண்ணின் பங்கு குறைந்ததன்று. கொழுந்தில் பெரும்பகுதியைப் பறித்தவள் அவளே. அவளுக்கு ஆணுக்குச் சமமான நாட்கூலி 1984இலேயே கிடைத்தது. குடியுரிமைச் சட்டத்தில் அவள் தாயாகக் கணக்கிடப்படவில்லை. கூலிக்கணக்கில் முழுத் தொழிலாளியாகக் கணக்கிடப்படவில்லை. இவ்விரு புறக்கணிப்புக்கும் வேர் ஒன்றே.

சட்டங்கள் திருந்திவிட்டன. ஆயினும் தோட்டக் குடும்பங்கள் பலவற்றின் கையில் வீட்டுக்கோ நிலத்துக்கோ உறுதி இன்றும் இல்லை. அவை வழங்கப்படும்போது யார் பெயரில் எழுதப்படும் என்னும் வினா நம்முன் உள்ளது. தலைமுறையுரிமை என்னும் சொல்லை நாம் பாடநூலிற் படித்து நிறுத்திவிடாது, அவ்வுறுதிகளில் உழைத்த இருவர் பெயரும் இடம்பெறும்வரை வினவிக்கொண்டிருத்தல் வேண்டும்.